சாம்சன் வீட்டுக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும் நேரம்

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், கார்களுக்கு இருக்கை தைத்து அனுப்பும் ஒரு தொழிற்சாலை. அதன் மெயின்டனன்ஸ் பிரிவில் பதினேழு வருடமாக இருப்பவர் சாம்சன். வயது நாற்பத்தாறு. மெஷினைத் தொட்டுப் பார்த்தே அதற்கு எத்தனை டிகிரி காய்ச்சல் என்று சொல்லிவிடுவார் என்று உற்பத்தி லைனில் ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி நிஜம். மீதிப் பாதி அவரே டீ இடைவேளைகளில் பரப்பியது.

முதல் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு என்றால் சாம்சன் ஐந்தரைக்கே உள்ளே இருப்பார். கம்ப்ரஸர், பசைத் தொட்டி, கன்வேயர், நுரை வார்க்கும் மெஷின் என்று வரிசையாகத் தட்டிவிட்டுக்கொண்டே போவார். ஆட்கள் வந்து நிற்கும்போது எல்லாம் சூடாகி, உறுமிக்கொண்டு தயாராக இருக்க வேண்டும். மெஷினுக்காக ஆள் காத்திருப்பதைத் தாமதம் என்று அவர் சொல்லமாட்டார், அவமானம் என்பார். பதினேழு வருடத்தில் அந்த அவமானம் அவர் லைனுக்கு இரண்டே தடவை நேர்ந்தது. இரண்டு தடவையும் அவர் லீவில் இருந்தார். அதை ஒரு வருத்தமான முகத்தோடு சொல்வார்; குரல் மட்டும் சந்தோஷமாக இருக்கும்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டுக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கப் பதினான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது.

அது ஏழு வருடத்துக்கு முன் கம்பெனி ஆபீசில் கழித்துக்கட்டியது. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் அதை உட்காரவைத்து, தான் நின்றபடியே வீடு வரைக்கும் வந்தார் சாம்சன். ரிஜெக்ட் ஆன ரெக்சினில் அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டார். தேவாலயப் பாடல்களைத் தட்டச்சு செய்ய, கரண்ட் பில் கட்ட, வீட்டில் எடுத்த படங்களைப் போட்டுவைக்க என்று அது ஹாலின் மூலையில் குடியேறியது.

சாயங்காலம் அதன் பொத்தானை அமுக்கிவிட்டு சாம்சன் பால் வாங்கப் போவார். வழியில் இரண்டு பேரிடம் பேசுவார். திரும்பி வந்து முகம் கழுவித் துடைத்துக்கொண்டு பார்த்தால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கும்.

"இன்னாங்க, இன்னும் சுத்திகினே கீது?" என்பாள் மனைவி பிரவீனா.

"சூடாவுது."

"தோசைக்கல்லா அது?"

அணைப்பது அதைவிடக் கஷ்டம். 'புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம்' என்று திரை கெஞ்சும். சாம்சன் மணியைப் பார்ப்பார். ஒன்பது நிமிடம் அவர் அதற்குக் கொடுக்கும் மரியாதை. ஒன்பது தாண்டினால் பொத்தானை விடாமல் அமுக்கி மூச்சை நிறுத்திவிடுவார். லைனில் நிற்கச் சொன்ன மெஷின் நிற்கவில்லை என்றால் சிவப்புப் பொத்தானில் ஓங்கி ஓர் அடி, கேள்வியே கிடையாது. அதே சட்டம் வீட்டிலும்.

இதெல்லாம் ஒரு குடும்பத்து வேடிக்கையாகவே ஓடிக்கொண்டிருந்திருக்கும், அந்தத் திங்கட்கிழமை பிரவீனா அந்தச் செய்தியோடு வராமல் இருந்தால்.

பிரவீனா சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை செய்தாள். ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்ட். வருடத்துக்கு ஒருமுறை அடையாள அட்டையின் கயிறு மட்டும் நிறம் மாறும், வேறொன்றும் மாறாது. இப்போது அந்தக் கம்பெனி, ஸ்டோர் உதவியாளர் வேலைக்குக் கான்ட்ராக்ட் ஆட்களிலிருந்தே பன்னிரண்டு பேரை நிரந்தரமாக எடுக்கப்போகிறதாம். ஒரு தேர்வு. வயது நாற்பது தாண்டியிருக்கக் கூடாது. பிரவீனாவுக்கு நவம்பரில் நாற்பது முடிகிறது. அடுத்த தேர்வு எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. வரும்போது அவளுக்கு அதில் இடம் இருக்காது என்பது மட்டும் தெரியும்.

தேர்வு வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு. வீட்டிலிருந்தே, கேமரா வைத்த கம்ப்யூட்டரில். போனில் எழுதக் கூடாது, பிரௌசிங் சென்டரில் எழுதக் கூடாது, அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது.

மாடி அறையில் வாடகைக்கு இருந்த காந்திமதிதான் விதிமுறைகளைப் படித்துச் சொன்னாள். வள்ளியூர்ப் பக்கத்துப் பெண். பிரவீனாவின் கம்பெனியிலேயே குவாலிட்டி பிரிவில் நிரந்தர வேலை. முப்பது வயது, வாய்க்கு மட்டும் அறுபது.

"ஒம்பதே முக்காலுக்கு உள்ள விடுவாவ. பத்து மணிக்குக் கதவ அடச்சிருவாவ. இதுல ஒரு சங்கதி இருக்கு மதினி. நீங்க நம்பரப் போட்டதும் அந்தப் பரீச்ச சாப்ட்வேரு கம்ப்யூட்டர ஒருக்க முழுசா அணச்சி, திரும்ப எழுப்புமாம். வேற எதயும் தொறந்து வச்சிக் காப்பி அடிக்கக் கூடாதுல்லா, அதுக்கு. எந்திரிச்ச பொறவு திரும்ப நம்பரப் போட்டு உள்ள போவணும்."

சாம்சன் நிமிர்ந்தார். "விடிகாத்தாலயே போட்டு வச்சிட்டா?"

"அஞ்சு மணிக்கே போட்டாலும் ஒம்பதே முக்காலுக்கு அது அணச்சித்தான் எழுப்பும் அண்ணாச்சி."

பிரவீனா விரலை மடக்கினாள். அணைய ஒன்பது நிமிடம். எழப் பதினான்கு. மொத்தம் இருபத்து மூன்று. கதவு திறந்திருப்பதோ பதினைந்து நிமிடம்.

மூவரும் ஹாலின் மூலையைப் பார்த்தார்கள். ரெக்சின் உறைக்குள் அது நிம்மதியாக இருந்தது.

"நாளைக்கே சரி பண்ணிடறேன்," என்றார் சாம்சன். "இன்னா பெரிய விஷயம். ஒரு மெஷின்தானே."

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்ததும் ஹாலில் பழைய போர்வையை விரித்துக் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு டீ கிளாஸ் நிறையும் தூசி. ஒரு பல்லி முட்டை. பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினார். பல்லி முட்டையைப் பத்திரமாக வெளியே கொண்டுபோய் விட்டார். காற்றாடிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். எல்லாத் திருகுகளையும் இறுக்கினார். பிளக்கை வேறு பாயின்டுக்கு மாற்றினார். கம்பெனிப் பழக்கத்தில் 'பழுதுபார்ப்பில் உள்ளது' என்ற சிவப்புச் சீட்டு ஒன்றையும் அதன் கழுத்தில் கட்டினார்.

பிறகு கடிகாரத்தைப் பார்த்தபடி பொத்தானை அமுக்கினார்.

"பதிமூணு நிமிஷம் நாப்பது செகண்டு!" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினார். "இருபது செகண்டு கொறஞ்சிருக்கு."

"பரவால்லியே," என்றாள் பிரவீனா உள்ளிருந்து. "அந்த இருபது செகண்டுல பாதி பரீச்ச எழுதிடுவேன்."

புதன்கிழமை அதைப் பைக்கில் கட்டிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் போனார். பஸ் நிலையத்தருகே ரகு என்பவரின் சர்வீஸ் கடை. ரகு அதன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"வச்சிட்டுப் போங்கண்ணே. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம். திங்கக்கெழம வாங்க."

"ஞாயித்துக்கெழம பரிட்சப்பா."

"அப்போ பரிட்ச முடிஞ்சதும் எடுத்துனு வாங்க."

இந்தப் பதிலில் இருந்த நியாயத்தை மறுக்கமுடியாமல் சாம்சன் அதை மறுபடி பைக்கில் கட்டினார். "நீங்க மெயின்டனன்ஸ்லதானே கீறீங்க?" என்று அவருடைய யூனிஃபார்ம் சட்டையைப் பார்த்து ரகு பின்னாலிருந்து கேட்டது அவருக்குக் கேட்கவில்லை. அப்படித்தான் வீட்டில் சொன்னார்.

வியாழன் இரவு எட்டு மணிக்குக் கம்பெனியே ஓர் ஒத்திகை வைத்திருந்தது. நிஜத் தேர்வு போலவே எல்லாம். மதிப்பெண் மட்டும் கிடையாது. பிரவீனா குளித்து, தலை பின்னி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஏழே முக்காலுக்குத் தேர்வு எண்ணைத் தட்டினாள். திரை இருண்டது. புள்ளிகள் சுற்ற ஆரம்பித்தன.

சாம்சன் ஹால் வாசலில் நின்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது நிமிடம் அவர் சொன்னபடி அவள் பொத்தானை அமுக்கி அணைத்து மறுபடி எழுப்பினாள். எட்டு மணி ஆனது. புள்ளிகள் சுற்றிக்கொண்டிருந்தன. எட்டு மணி ஒன்பது நிமிடத்துக்குக் கம்ப்யூட்டர் எழுந்து, தூங்கி எழுந்த மருமகன் போல எல்லோரையும் சாவகாசமாகப் பார்த்தது. பிரவீனா எண்ணைத் தட்டினாள். 'நுழைவு நேரம் முடிந்துவிட்டது. நன்றி' என்று வந்தது.

அந்த 'நன்றி'யை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடையாள அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "சாப்ட வரீங்களா?" என்று கேட்டாள்.

  அன்று சாம்பாரில் உப்பு சரியாக இருந்ததா என்றுகூடச் சாம்சனுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் கம்பெனியிலிருந்து இரண்டு தாள்கள் கொண்டுவந்தார். இந்தத் தொழிற்பேட்டைகளில் வேலை செய்கிற எவருக்கும் தெரிந்த 'ஏன்-ஏன்' தாள். ஒரு மெஷின் பழுதானால் ஏன் என்று கேட்டுப் பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலுக்கு மறுபடி ஏன். இப்படி ஐந்து ஏன் கேட்டால் வேர் தெரிந்துவிடும் என்பது ஐதீகம். சாம்சன் பதினேழு வருடத்தில் இப்படி நூற்றுக்கணக்கான வேர்களைத் தோண்டியவர். அவர் எழுதிய தாள்களைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவார்கள்.

சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்தார். ஒரு பக்கம் பிரவீனா. குவாலிட்டி என்ற முறையில் காந்திமதியும் மாடியிலிருந்து வரவழைக்கப்பட்டாள்.

"மொதல் ஏன்," என்றார் சாம்சன். "எழுந்துக்க ஏன் லேட்டாவுது?"

காந்திமதி கம்ப்யூட்டரில் எதையோ தட்டி ஒரு பட்டியலைத் திறந்தாள். கம்ப்யூட்டர் எழும்போது கூடவே எழ வேண்டியவர்களின் பட்டியல் அது. கீழே தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது.

"யம்மா! இது என்ன அண்ணாச்சி, கல்யாண வீட்டுக்குப் பந்தி போட்டமாரி இருக்கு. இருவத்தாறு பேரு!"

இருபத்தாறு புரோக்ராம்கள். தமிழ் தட்டச்சு, பாடல் புத்தகம், படம் திருத்துவது, செஸ் விளையாட்டு. ஊரடங்கில் ஜெபக்கூட்டத்துக்காகப் போட்ட வீடியோ அழைப்புகள் மூன்று. என்றோ உடைந்துபோன ஒரு போனுக்கான இணைப்பு. ஒரு பிரின்டருக்கான சாஃப்ட்வேர். வைரஸ் பிடிப்பவை மூன்று.

சாம்சன் எழுதினார்: எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதால்.

"ரெண்டாவது ஏன்," என்றாள் பிரவீனா. அவளுக்கு இந்த விளையாட்டு பிடிக்க ஆரம்பித்திருந்தது. "ஏன் எல்லாம் ஒண்ணா ஓடுது?"

"கூடவே ஸ்டார்ட் ஆவணும்னு டிக் போட்டிருக்கு."

"மூணாவது ஏன். ஏன் டிக் போட்டிருக்கு?"

"போட்டிருக்காங்க."

"யாரு?"

பேனா நின்றது. சாம்சன் கூரையில் ஓடும் காற்றாடியைப் பார்த்தார். அதில் ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்பவர் போலத் தலையைச் சாய்த்தார்.

"வூட்ல மொத்தம் ரெண்டு பேர்தான் கீறோம்," என்றாள் பிரவீனா. "நான் அதைத் தட்டவே இப்போதான் கத்துகினு இருக்கேன்."

"இந்தத் தாள்ல ஆள் பேரு எழுதக் கூடாது," என்றார் சாம்சன் அவசரமாக. "ரூல் கீது. ஆளைக் குத்தம் சொல்லக் கூடாது. ஏன்மா காந்தி, நீயே சொல்லு."

"உள்ளதுதான் மதினி. ஆளு பேர எழுதப்பிடாது." காந்திமதி மிகுந்த மரியாதையோடு தலையாட்டினாள். "ஆனா அடுத்த ஏன் கேக்கணும்லா? அந்தப் பேரு தெரியாத ஆளு, ஏன் அண்ணாச்சி இருவத்தாறுக்கும் டிக் போட்டாரு?"

சாம்சன் பேனாவை மூடினார். பிறகு சாம்சன், பாவ அறிக்கை செய்கிற குரலில் சொன்னார்:

"ஆள் வந்து உக்காரும்போது எல்லாம் ரெடியா ஓடிகினு இருக்கணும்னு."

பிரவீனா முதலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முடியவில்லை. காந்திமதி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"ஏங்க," என்றாள் பிரவீனா கண்ணைத் துடைத்தபடி. "எங்க கம்பெனி கேட் உங்களுக்குத் தெரியும்ல? முன்னெல்லாம் முப்பது பஸ்ஸும் ஒரே நேரத்துல வந்து நிக்கும். அட்டை தேய்க்கிற கேட் ரெண்டுதான். உள்ள போவ முக்காமணி நேரம். அப்புறம் இன்னா பண்ணாங்க? பஸ்ஸ அஞ்சஞ்சா பிரிச்சி பத்து பத்து நிமிஷம் தள்ளி வுட்டாங்க. பத்து நிமிஷத்துல உள்ள பூடறோம். உங்க கம்ப்யூட்டர்ல கேட் ஒண்ணே ஒண்ணு. இருபத்தாறு பஸ்ஸ ஒண்ணா வுட்டுட்டு, சூடாவுது சூடாவுதுன்னு சொல்லிகினு கீறீங்க."

"அதுல மூணு செக்யூரிட்டி வேற," என்றாள் காந்திமதி. "மூணு வைரஸ் சாப்ட்வேரு. ஒருத்தன் பைய இன்னொருத்தன் சோதிக்கான். அவன் பைய மூணாவது ஆளு சோதிக்கான். கூட்டம் எப்படி அண்ணாச்சி நவுரும்?"

"ஒருத்தன் கண்ல தப்பினாலும் இன்னொருத்தன் புடிப்பான்னு..." சாம்சன் தொடங்கி, தானே நிறுத்திக்கொண்டார். அவருடைய கம்பெனியில் ஒரே தையலை மூன்று பேர் பார்க்கிற வழக்கத்தை எதிர்த்து இரண்டு வருடத்துக்கு முன் யோசனைப் பெட்டியில் கடிதம் போட்டவர் அவர். பரிசாக ஒரு குடையும் வாங்கினார்.

டிக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். சாம்சனுக்கு ஒவ்வொன்றும் பல் பிடுங்கியது போல இருந்தது.

"பிரின்டர் சாஃப்ட்வேர் இருக்கட்டும்."

"நம்மகிட்ட பிரின்டரே இல்லியே."

"வாங்கினா?"

"வாங்கறப்போ போட்டுக்கலாம். எடு காந்தி."

"செஸ்ஸு?"

"எப்போ கடசியா ஆடுனீங்க?"

சாம்சன் யோசித்தார். "ஆடலாம்னு கீறேன்."

"எடு காந்தி."

வைரஸ் பிடிப்பவற்றில் இரண்டை நீக்கி ஒன்றை மட்டும் விட்டார்கள். தேர்வுக்குத் தேவையில்லாதது எதுவும் இப்போது கூடவே எழாது. வேண்டுமானால் அழைத்தால் வரும். முடித்தபின், அணைவதற்கு ஏன் நேரமாகிறது என்று இரண்டாவது தாளை எடுத்தார்கள். காந்திமதி இன்னொரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். ஒரே புதுப்பிப்பு, வரிசையாகப் பதினோரு முறை. பதினோரு முறையும் பக்கத்தில் 'தோல்வி' என்று எழுதியிருந்தது.

"ஒவ்வொரு நாளும் அணையும்போது இந்த வேலைய ஆரம்பிக்கும்போல. பாதில யாரோ கழுத்தப் புடிச்சி நெரிச்சிருக்காவ. நெரிச்சதும் செஞ்சதெல்லாத்தயும் அவுத்துப் போட்டுட்டு மறுநாளு மொதல்ல இருந்து ஆரம்பிக்கும். எழும்பவும் நேரமாவும், அணையவும் நேரமாவும். ஏன் நெரிச்சாவ, யாரு நெரிச்..."

சாம்சன் கையைத் தூக்கினார்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, ஷிப்டிலிருந்து வந்த சாம்சன் கைகால் கழுவிக்கொண்டு வந்து நிற்க, பிரவீனா கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னாள். 'புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம்' என்றது திரை. பன்னிரண்டாவது முறையாகக் கெஞ்சியது. இந்தத் தடவை அது முடியும்வரை யாரும் தொடக் கூடாது என்பதுதான் முழு வைத்தியமும்.

வைத்தியம் கம்ப்யூட்டருக்கா சாம்சனுக்கா என்பது போகப்போகத் தெரிந்தது.

பத்தாவது நிமிடம் அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். இருபத்தேழு சதவீதத்தில் எண் நின்றுபோனது. பதினைந்து நிமிடம். இருபத்தைந்து நிமிடம். இருபத்தேழு இருபத்தேழாகவே இருந்தது.

"மாட்டிக்கிச்சி," என்றார்.

"இல்ல."

"எனக்குத் தெரியாதா? பதினேழு வருஷமா மெஷின் பாக்கறேன். மாட்டிக்கிச்சி பிரவீ. ஒரே ஒரு தடவ அமுக்கிட்டு..."

பிரவீனா உள்ளே போய் ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "உரிங்க."

"இவ்ளோ எதுக்கு? நாளைக்கு யாரு வராங்க?"

"யாரும் வரல. உங்க கை சும்மா இருக்கக் கூடாது."

சாம்சன் உரித்தார். கண்ணில் நீர் வந்தது. வெங்காயம்தான் என்றார். மாடிக்குக் குரல் கொடுத்து, காந்திமதியிடம் இஸ்திரிப் பெட்டியைப் போடக் கூடாது என்றார்; கரண்ட் போனால் எல்லாம் போச்சு. தெருமுனை டிரான்ஸ்பார்மரை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அவர் பார்வைக்கு அது கட்டுப்பட்டிருக்க வேண்டும். நாற்பத்தோராவது நிமிடம் இருபத்தேழு இருபத்தெட்டானது.

"ஆவுது!" என்று முறத்தோடு எழுந்தார். ஹால் முழுக்க வெங்காயத் தோல் பறந்தது.

ஆறு மணி இருபது நிமிடத்துக்கு நூறு வந்தது. கம்ப்யூட்டர் தானாக அணைந்து, எழுந்து, இன்னொருமுறை அணைந்து, எழுந்தது. அதன்பின் பிரவீனா கடிகாரத்தைப் பிடிக்க, சாம்சன் அணைத்துப் பார்த்தார். ஐம்பது விநாடி. எழுப்பிப் பார்த்தார். நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

"அவ்ளோதான் அதால முடியும்," என்றார் சாம்சன். "வயசாயிடுச்சி. புது ஹார்ட் டிஸ்க் போட்டா ஒரு நிமிஷத்துக்கு வரும். இரு, இன்னொரு தடவ அணைச்சி..."

பிரவீனா அவருடைய பையிலிருந்து ஒரு சிவப்புச் சீட்டை எடுத்துப் பேனாவால் எதையோ எழுதி, கம்ப்யூட்டரின் பொத்தான் மேல் ஒட்டினாள். 'தொடக் கூடாத ஆள்: சாம்சன்.'

"ரூல் கீது, பேர் எழுதக் கூடாது," என்றார் சாம்சன் பரிதாபமாக.

"அது உங்க கம்பெனி ரூல்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் காலை ஆராதனைக்குப் போகவில்லை. ஒன்பதரைக்கு பிரவீனா கேமராவுக்கு முன் உட்கார்ந்தாள். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது என்பதால் சாம்சன் வெளியே அனுப்பப்பட்டார், கதவு சாத்தப்பட்டது. மாடிப்படியின் கீழ்ப்படியில் அவரும், இரண்டு படி மேலே காந்திமதியும் உட்கார்ந்தார்கள்.

ஒன்பதே முக்கால். சாம்சன் எழுந்து கதவில் காதை வைத்தார்.

"கேக்குதா அண்ணாச்சி?" என்று காந்திமதி கிசுகிசுத்தாள்.

அவர் விரலை உதட்டில் வைத்தார். நம்பரைத் தட்டும் சத்தம். ஒரு கிளிக். கம்ப்யூட்டரின் காற்றாடி கொஞ்சம் இரைந்து, இறங்கி, நின்றது. முழு அமைதி. அந்த அமைதியில் அவருக்குத் தன் இதயம் ஓர் ஓட்டை கம்ப்ரஸர் மாதிரி ஓடுவது கேட்டது. பிறகு மறுபடி காற்றாடி. உள்ளே ஹார்ட் டிஸ்க் சுழலும் மெல்லிய உறுமல்.

ஒரு நிமிடம். இரண்டு. எறும்பு ஒன்று கதவுச் சட்டத்தில் ஏறி அவர் மூக்குக்கு நேராக நின்று பார்த்துவிட்டுப் போனது. மூன்று நிமிடம். உறுமல் இன்னும் அடங்கவில்லை. ஒன்பது வருடமாக விடிகாலையில் டிபன் டப்பாவோடு ஓரகடம் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண் உள்ளே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் தேர்வில் தோற்றால் தோற்கட்டும், அது பாடத்தின் பாடு. தான் போட்ட டிக்கால் தோற்கக் கூடாது. சாம்சன் அந்த ஒன்றைத்தான் கர்த்தரிடம் கேட்டுக்கொண்டிருந்தார், காதை எடுக்காமலே.

விரல் தட்டும் சத்தம். டக், டக், டக். ஒரு பெரிய டக். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளும் ஓசை.

சாம்சன் காதை எடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். காதில் கதவின் பெயின்ட் ஒட்டியிருந்தது.

"உள்ள போய்ட்டாங்க," என்றார்.

"மணி ஒம்பது ஐம்பத்தொண்ணு," என்றாள் காந்திமதி. "பொறவு என்ன, வாங்க மேல, காப்பி போடுதேன்."

அவர் போகவில்லை. பதினொன்றேகால் வரை அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

பிரவீனா கதவைத் திறந்துகொண்டு வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"எப்படி?"

"கேள்வி ஓகேதான். மூணு தெரியல. அதுகூடப் பரவால்ல." அவள் இடுப்பில் கையை வைத்தாள். "உள்ள போயி ஒம்பது நிமிஷம் சும்மா கேமராவப் பாத்துகினு உக்கார வுட்டுட்டீங்க. திரும்பக் கூடாதாம், அசையக் கூடாதாம். மூக்கு அரிக்குது, சொறியக் கூடாது. உங்கள யாரு அவ்ளோ சீக்கிரம் பண்ணச் சொன்னாங்க?"

 சாம்சனின் கை தானாகப் போய் அவள் மூக்கைத் தொட்டது. காந்திமதி சட்டென்று மாடியில் ஏதோ வேலை இருப்பது போல ஏறிப் போய்விட்டாள்.

முடிவு வர மூன்று வாரம் ஆனது.

அது வந்த நாளில் சாம்சன் முதல் ஷிப்டில் இருந்தார். லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். இரண்டரை மணிக்கு எடுத்துப் பார்த்தபோது பதினான்கு தவறிய அழைப்புகள். பிரவீனா ஒன்பது, காந்திமதி நான்கு, பாஸ்டர் ஒன்று. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து செய்தியைத் திறந்தார். பிரவீனா ஒரு படம் அனுப்பியிருந்தாள். தேர்வானவர்கள் பட்டியல். எட்டாவது பெயர்.

கம்பெனி பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாம்சன் எழுந்து நின்றார்.

"யோவ், உக்காருய்யா! பள்ளம் வருது!" என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கத்தினார்.

உட்கார்ந்தார். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். பக்கத்து இருக்கையில், பெயர் தெரியாத ஒருவர் தலையை ஜன்னலில் சாய்த்து அரைத் தூக்கத்தில் இருந்தார். பெயின்ட் ஷாப்பில் கான்ட்ராக்டில் இருக்கும் தென்மாவட்டத்துக்காரர். காதோரம் நரைத்திருந்தது.

"அண்ணே," என்று அவர் தோளைத் தொட்டார் சாம்சன். "என் வூட்டுக்காரி பெர்மனென்ட் ஆயிட்டாங்க."

அந்த ஆள் கண்ணைத் திறந்தார். வாழ்த்துச் சொல்வார் என்று சாம்சன் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தூக்கம் முழுக்கக் கலைந்திருந்தது.

"எந்தக் கம்பெனிண்ணே? இன்னும் ஆளு எடுக்காவளா?"

சாம்சன் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"தெரில. கேட்டுச் சொல்றேன். நம்பர் சொல்லுங்க," என்று உள்ளங்கையை விரித்துக்கொண்டார்.